ஊசி விலக்கு நோட்டு

ஜெயில்ல வேலை பார்க்கறவங்க ரெண்டே ரகம்: சாவி வெச்சிருக்கறவங்க, சீல் வெச்சிருக்கறவங்க. நான் ரெண்டாவது ரகம். ஆரணிப் பக்கத்துல ஒரு சின்ன ஜெயில்ல கிளார்க்கு. சாவிக்காரனைப் பார்த்தா கைதிங்க எழுந்து நிப்பாங்க. சீல்காரன்கிட்ட ஸ்டாஃபே தலையைச் சொறிஞ்சுகினு வந்து நிப்பாங்க. லீவு வேணும், டிரான்ஸ்பர் வேணும், ஒண்ணும் இல்லன்னா ரெண்டு வெள்ளைப் பேப்பராவது வேணும். நீங்களும் ஏதாவது ஒரு ஆபீஸ்ல சீல் குத்திக் குத்தி விரல் நீலமா ஆனவரா இருந்தா, வாங்க, பக்கத்துல உக்காருங்க. நம்ம பேஜாரு நமக்குத்தான் தெரியும்.

கொரோனா மூணாவது அலை வந்தப்ப என் மேசை மேல ஒரு நோட்டு ஏறி உக்காந்துச்சு. இது அந்த நோட்டோட கதை.

கண்ணை மூடின அதிகாரி

உத்தரவு அரைப் பக்கம்தான். ஜெயில் ஸ்டாஃப் எல்லாரும் மூணாவது ஊசி, அதாவது பூஸ்டர், போட்டுக்கணும். போடாதவங்க இன்னைலேர்ந்தே உள் கேட்டைத் தாண்டக் கூடாது. உடம்புக்கு ஊசி ஆகாதுன்னா டாக்டர் கையெழுத்தோட விலக்கு வாங்கலாம். ஆனா விலக்கு வாங்கினவங்களுக்கும் வெளிப்பக்கம்தான் டூட்டி, மறு உத்தரவு வர்ற வரைக்கும். கைதிங்க எங்கயும் போறதில்ல, கிருமி உள்ள போகணும்னா நம்மளோடதான் போகணும். அதனால உத்தரவை நான் குறை சொல்லமாட்டேன். அதுக்கு ஒரு நோட்டுப் போட்டு, ஸ்கேல் வெச்சுக் கோடு கிழிச்சு, 'விலக்கு கோருபவர் பெயர், காரணம், மருத்துவர் கையொப்பம்'னு தலைப்பு எழுதற வேலை ஏன் என் தலையில வந்து விடிஞ்சுதுன்னுதான் கேக்கறேன்.

எங்க சூப்பிரண்டு அய்யா ஆறடி உயரம். அவர் மீசையைப் பார்த்தாலே புதுசா வந்தவன் நடுங்குவான். நர்சம்மா ஊசியோட வந்த அன்னைக்கு, எல்லாருக்கும் முன்மாதிரியா இருக்கணும்னு உள் கேட்டுக்கு எதிர்லயே நாற்காலி போடச் சொல்லி, மொத ஆளா சட்டைக் கையைச் சுருட்டிகினு உக்காந்தாரு. உக்காந்தவரு இன்னொரு கையால என் கையைக் கெட்டியாப் புடிச்சுக்கினு கண்ணை இறுக்கி மூடிட்டாரு. ஊசி போட்டு, பஞ்சு வெச்சு, நர்சம்மா அடுத்த ஆளைக் கூப்பிட்ட பிறகும் அந்தப் பிடி விடல. அப்புறம் என்னைத் தன் ரூமுக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திட்டு, மெதுவா சொன்னாரு: "யோவ், அந்த நோட்டுல 'பயம்'ன்ற காரணத்த மட்டும் ஏத்துக்காத. ஏத்துக்கினா மொத பேரு என் பேராத்தான் இருக்கும்."

பெயர் தெரியாதவர்

இப்ப முக்கியமான ஆளைச் சொல்லணும். உத்தரவு வர்றதுக்கு ஒரு மாசம் முன்னாடி ஒருத்தனை ரிமாண்டுல கொண்டாந்தாங்க. வயசு முப்பத்தஞ்சு இருக்கும். காது கேக்காது, பேச்சு வராது, எழுதப் படிக்கவும் தெரியாது. விடிகாலையில ஒரு பட்டுக்கடை ஷட்டர் முன்னாடி படுத்திருந்திருக்கான். பையில புத்தம் புது அருவா ரெண்டு. கேட்ட கேள்விக்குப் பதில் இல்ல. பதிலும் சொல்லாம பையில அருவாவும் வெச்சிருந்தா யாருக்குத்தான் சந்தேகம் வராது? ரிஜிஸ்டர்ல 'பெயர் தெரியாதவர், ஊர் தெரியவில்லை'ன்னு எழுதி சீல் குத்தினது நான்தான். சைகை பாஷை தெரிஞ்ச ஒரு டீச்சரைக் கூட்டிகினு வரச் சொல்லி கோர்ட்டு சொல்லியிருந்துச்சு. அந்த டீச்சருக்கே கொரோனா வந்து படுத்துட்டாங்க. அடுத்த வாய்தாவுக்குள்ள பேரும் ஊரும் ஜாமீனுக்கு ஒரு ஆளும் கிடைக்கலன்னா பெரிய ஜெயிலுக்கு மாத்திடுவாங்க. அத்தனை பேருக்கு நடுவுல போய்ட்டா அப்புறம் இவனை யார் தேடி யார் கண்டுபிடிக்கறது?

எங்க வார்டர் கஜேந்திரனோட தங்கச்சிக்கும் பொறந்ததுலேர்ந்து காது கேக்காது, பேச்சு வராது. அதனால சைகைன்னா அவனுக்குத் தண்ணி பட்ட பாடு. மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல உள்ள போய் அந்த ஆளுக்கு எதிர்ல சம்மணம் போட்டு உக்காந்துக்குவான். கை ஆடும், புருவம் ஆடும், நடுநடுவுல ரெண்டு பேரும் சத்தமில்லாம சிரிப்பாங்க. வந்த புதுசுல சுவத்தையே பார்த்துகினு கிடந்தவன், கஜேந்திரன் தலை தெரிஞ்சா எழுந்து உக்கார ஆரம்பிச்சான். ஆனா வீட்டுக்கு வீடு சைகை வேற. நம்ம வீட்டு ரசம் பக்கத்து வீட்ல வேற மாதிரி இருக்கற மாதிரிதான் அதுவும். ஒவ்வொரு வார்த்தையா ரெண்டு பேரும் பேசித் தீர்த்துக்க வேண்டியிருந்துச்சு.

ஒரு நாள் 'என்ன வேலை பார்க்கற'ன்னு கஜேந்திரன் கேட்டிருக்கான். உக்காந்த எடத்துலயே அந்த ஆளு ஒரு கையைத் தலைக்கு மேல தூக்கி, கயித்தைப் புடிச்சு இழுக்கற மாதிரி இழுத்தான். இன்னொரு கையால முன்னாடி அடிக்கிற மாதிரி அடிச்சான். இழு, அடி, இழு, அடி. அந்தப் பக்கமா வந்த குமரேசன் நின்னு பார்த்தான். இவனும் வார்டர்தான், வீட்ல பட்டுத்தறி வெச்சிருக்கற குடும்பம். ஆரணியில பொறந்தவன் அந்தக் கையைப் பார்த்து வேற என்ன சொல்லுவான்? "இதுல இன்னா கஜா யோசனை? ஆளு நம்மாளுதான். தறி நெய்யறவன்."

மல்லிகாவுக்கு விலக்கு

பொம்பளைங்க பகுதிக்கு வார்டர் மல்லிகாம்மா. இருபத்தஞ்சு வருஷ சர்வீசு. ஊசி போட வந்தவங்க லிஸ்ட்ல அவங்க பேரு இல்ல. விலக்கு கேட்டும் எழுதிக் கொடுக்கல. சாயங்காலத்துக்குள்ள நான் லிஸ்ட்டை அனுப்பணும். அவசரத்துல, ஆபீஸ் நெறைய ஆளுங்க இருக்கறப்ப, வாசல்ல வந்தவங்களை என் மேசையிலேர்ந்தே சத்தமா கேட்டேன், மல்லிகாம்மா, உங்களுக்கு விலக்கா, விலக்குன்னா இன்னைக்கே எழுதிக் கொடுத்துடுங்கன்னு. டைப் அடிச்சுகினு இருந்தவர் விரல் அந்தரத்துல நின்னுபோச்சு. நான் என்ன கேட்டேன்னு என் காதுல விழறதுக்கே எனக்கு அரை நிமிஷம் ஆச்சு. பூமி பொளந்து என்னை உள்ள வாங்கிக்கக் கூடாதான்னு இருந்துச்சு.

மல்லிகாம்மா மாஸ்க்கை மூக்கு மேல ஏத்தி விட்டுகினு நிதானமா என் மேசைகிட்ட வந்தாங்க. "எனக்கு அது நின்னே ரெண்டு வருஷம் ஆச்சு சார். அதையும் கவர்மெண்டுக்கு எழுதித் தரணுமா?"ன்னாங்க. ஆபீஸ் பூரா சிரிப்பு. நான் கையெடுத்துக் கும்பிட்டுட்டேன். லீவுல இருந்ததால ஊசி தள்ளிப்போச்சாம், அவ்ளோதான் விஷயம். அன்னைக்கே போட்டுக்கினாங்க. போறப்ப விலக்கு நோட்டைத் திறந்து, நான் கிழிச்சு வெச்ச கோடுங்களை விரலால தொட்டுப் பார்த்தாங்க. அப்புறம் சிரிக்காமலே சொன்னாங்க: "சின்ன வயசுல வயித்தைப் புடிச்சுகினு எட்டு மணி நேரம் இந்த கேட்டுல நின்னிருக்கேன் சார். இந்த நோட்டை அப்பவே போட்டிருந்தா மாசாமாசம் மொத பேரு என்னுதா இருந்திருக்கும்."

காலியா ஒரு உறுப்பும் இல்லை

மறுநாள் குமரேசன் ஒரு முழு நீள வெள்ளைப் பேப்பரோட வந்தான். அவன் எழுதினதை அப்படியே சொல்றேன்: 'ஐயா, எனது மனைவி ஏழு மாதக் கர்ப்பிணி. அவரால் தறிக் குழியில் உட்கார இயலாததால், பணி நேரம் போக மீதி நேரத்தில் முகூர்த்தப் புடவையை நானே நெய்து முடிக்க வேண்டியுள்ளது. ஒரு கை கயிறு இழுக்கவும், ஒரு கை பலகை அடிக்கவும், இரு கால்களும் மிதிக்கவும் தேவைப்படுவதால், ஊசி போட்டுக்கொள்ள என்னிடம் உறுப்பு ஏதும் காலியாக இல்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.' அரசாங்க வேலையில முப்பது வருஷமா மனு படிக்கறேன், இப்படி ஒரு மனுவைப் படிச்சதில்ல. பத்திரமா நோட்டுல ஒட்டி வெச்சேன்.

எங்க ஜெயில் டாக்டரம்மா படிச்சுட்டு மாஸ்க்குக்குள்ள சிரிச்சாங்க. இதுக்கெல்லாம் விலக்கு கிடையாது, ஒரு நாள் கை வலிக்கும், ரெண்டாவது நாள் சரியாப் போய்டும்னாங்க. புடவைக்குப் பொண்ணு வீட்டுக்காரங்க வந்து உக்காந்துகினு இருக்காங்கம்மா, ஒரே வாரம் தள்ளி வைங்கம்மான்னு இவன் கெஞ்சினான். சரின்னுட்டாங்க. அந்த ஒரு வாரமும் இவனுக்கு வெளிப்பக்கம் டூட்டி. இன்னொண்ணும் சொல்லணும். அந்தப் பேரில்லாத ஆளுக்காக, நெசவுக்காரங்க தெரு ஒண்ணு விடாம குமரேசன் கேட்டுகினு வந்திருந்தான். காது கேக்காத நெசவாளிங்க மூணு பேரு கிடைச்சாங்க. மூணு பேரும் அவங்கவங்க வீட்ல தறி மேலதான் இருந்தாங்க. அதுல ஒருத்தரோட பொண்டாட்டி குமரேசனை வாசல்லயே நிக்க வெச்சுக் கேட்டாங்களாம்: "எங்க வீட்டுக்காரரு இங்க குத்துக்கல்லாட்டம் உக்காந்துகினு இருக்காரு, நீ இன்னாத்துக்குய்யா அவரை ஜெயில்லேர்ந்து கூட்டிகினு போகச் சொல்ற?"

கேக்காமலே கொடுத்த விலக்கு

நோட்டு போட்டதே யாருக்காகவோ, அந்த ஒருத்தன் மட்டும் நோட்டுப் பக்கமே வரல. கஜேந்திரனுக்கு ரெண்டாவது ஊசி போட்டப்ப நான் பக்கத்துல இருந்தேன். ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்து பத்து நிமிஷம்கூட ஆகல, மூஞ்சி பூரி மாதிரி உப்பிப்போச்சு. உதடு தடிச்சு, தொண்டை அடைச்சு, என் சட்டையைப் புடிச்சுகினு மூச்சு மூச்சுன்னான். தூக்கிகினு ஓடினேன். டாக்டருங்க உடனே மாத்து ஊசி போட்டதால பொழைச்சான். ஆயிரத்துல ஒருத்தருக்குக்கூட இப்படி வராதாம், வந்தவனுக்குத் திரும்ப இந்த ஊசியே கூடாதாம். சீட்டு எழுதிக் கொடுத்தாங்க, அது என் ஃபைல்லதான் இருக்கு. இப்ப அவன் என்கிட்ட வந்து குரலை இறக்கி, சார், அந்தச் சீட்டை மறந்துடுங்க, நான் பூஸ்டர் போட்டுக்கறேன், வாய்தாவுக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கு, நான் வெளிய நின்னா அந்த ஆளுகிட்ட யார் சார் பேசறதுன்னான்.

எனக்குக் கோவம் வந்துச்சு. அன்னைக்கு அவனைத் தூக்கிகினு ஓடினவன் நான். டேய், உனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்குடா, போய் வேலையைப் பாருன்னு கத்திட்டேன். அவன் மனுவே கொடுக்காம, நானே அவன் பேரை நோட்டுல எழுதி, சீட்டை ஒட்டி, டாக்டரம்மா கையெழுத்தை வாங்கி, சீல் குத்தினேன். நியாயமாக் கிடைக்க வேண்டிய ஒரே விலக்கு, அதை வாங்கினவன் ஒரு வாரம் முன்ன மாதிரி என்கிட்ட முகம் கொடுத்துப் பேசல. எனக்கும் சோறு இறங்கல. சரியாத்தான் செஞ்சேன், ஆனா உள்ள இருக்கறவனோட வாயை நான்தான் பூட்டினேன்னும் தெரியும்.

ரெண்டு நாள் அந்த ஆளு தட்டைத் தொடல. அதை உள் கேட்டுகிட்ட வந்து சொன்னவர் கோவிந்தன், அவன் ரூம்லயே இருந்த கைதி. சாராயம் காய்ச்சி மதுவிலக்குக் கேஸ்ல வந்தவர். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னு என் நோட்டு அட்டையில எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படிச்சாரு. அப்புறம் என்னைப் பார்த்தாரு. "நான் ஒரு விலக்கால உள்ள வந்தேன். கஜா அண்ணன் ஒரு விலக்கால வெளிய போய்ட்டாரு. இந்த வார்த்த யாரையும் இருக்கற எடத்துல இருக்க வுடாது போலக்கீது சார்."

இருபதடி தூரத்துப் பேச்சு

உள் கேட்டு கம்பி கேட்டு. இந்தப் பக்கம் எங்க ஆபீஸ் வராண்டா, அந்தப் பக்கம் முற்றம், முற்றத்துல தண்ணிக் குழாய். கேட்டுக்கும் குழாய்க்கும் இருபதடி இருக்கும். மூணாவது நாள் கஜேந்திரன் வராண்டாவுல ஸ்டூல் போட்டு உக்காந்திருந்தான். அந்த ஆளு குழாய்ல கை கழுவ வந்தவன் இவனைப் பார்த்துட்டான். அப்படியே நின்னு, ஏன் வரல, என் மேல கோவமான்னு கையாலயே கேட்டான். அது எனக்கே புரிஞ்சுது. கஜேந்திரன் எழுந்து நின்னு பதில் சொன்னான்: புஜத்துல ஊசி குத்தற மாதிரி குத்திக் காட்டி, ரெண்டு கன்னத்தையும் ஊதி, கையை விரிச்சு மூஞ்சி வீங்கினதைக் காட்டி, நெஞ்சைப் புடிச்சுக் காட்டினான். அந்த ஆளு குழாயை மூடினான். அப்புறம் தன் கன்னத்தை ஊதிக் காட்டி, வேணாம் வேணாம்னு கையை ஆட்டினான், நீ உள்ள வராதன்னு. அன்னைக்கு மத்தியானம் தட்டை வழிச்சுச் சாப்பிட்டான்.

அதுலேர்ந்து தினமும் பேச்சுதான். மாஸ்க் போட்டுகினு ஆறடி தள்ளி நின்னு நாங்க எல்லாரும் இன்னா, இன்னான்னு தொண்டை கிழியக் கத்திகினு இருந்த காலம் அது. அந்த ஜெயில்லயே ஒரு ரூலையும் மீறாம நிம்மதியாப் பேசினது அவங்க ரெண்டு பேருதான். கஜேந்திரன் மாஸ்க்கை மட்டும் கன்னம் ஊத வேண்டியிருந்தா ஒரு நிமிஷம் இறக்குவான், பக்கத்துல யாரும் இல்லையான்னு பார்த்துட்டு. சூப்பிரண்டு அய்யா கண்ணுல பட்டா நிறுத்திடுவாரோன்னு நான் அவர் ரூம் கதவையே பார்த்துகினு இருப்பேன். ஒரு நாள் பட்டுடுச்சு. நின்னு பார்த்தாரு, உத்தரவை எடுத்துகினு வரச் சொன்னாரு, ரெண்டு தடவை படிச்சாரு. "ஸ்டாஃப் கேட்டைத் தாண்டக் கூடாதுன்னுதான்யா போட்டிருக்கு. கை ஜாடை தாண்டக் கூடாதுன்னு எங்க போட்டிருக்கு?"

ஆடாத கால்

வாய்தாவுக்கு நாலு நாள் இருக்கறப்ப நடந்தது இது. அன்னைக்கு கஜேந்திரன் பக்கத்துல குமரேசனும் டீ கிளாசோட நின்னிருந்தான், அவனோட ஒரு வாரம் இன்னும் முடியல. எந்தத் தெருவுல வேலை, யார்கிட்ட வேலைன்னு கஜேந்திரன் திரும்பத் திரும்பக் கேட்டுகினு இருந்தான். அந்த ஆளும் சலிக்காம அதே பதிலைச் சொன்னான்: இழு, அடி, இழு, அடி. ஆனா இப்ப இருபதடி தூரத்துலேர்ந்து தெரியணுமே, அதனால எழுந்து நின்னு முழு உடம்பும் தெரியற மாதிரி செஞ்சான். குமரேசன் டீயைக் குடிக்காம அப்படியே கீழ வெச்சான். சார், அந்த நோட்டைக் கொடுங்கன்னான். தன் மனுவை எடுத்து, 'இரு கால்களும் மிதிக்கவும்'ன்ற எடத்துல விரலை வெச்சு, அந்த ஆளோட காலைப் பார்த்தான். கால் ரெண்டும் தரையில ஊனினது ஊனினபடி நின்னுச்சு. தறி நெய்யறவனுக்குத் தூக்கத்துலகூட கால் சும்மா இருக்காது. கிட்ட உக்காந்து கையையே பார்த்துகினு இருந்தவரைக்கும் எங்க யாருக்கும் இது தெரியல.

அப்ப அந்தக் கயிறு என்ன கயிறு? கயிறும் அடியும் இருக்கற வேற தொழிலை யோசிச்சு, கஜேந்திரன் விரலை நெருப்பு மாதிரி நெளிச்சுக் காட்டி, இது இருக்குமான்னு கேட்டான். அவ்ளோதான், அந்த ஆளு ஓரடி எகிறிக் குதிச்சான். ஆமா ஆமான்னு தலையை ஆட்டினான். நெத்தி வேர்வையை வழிச்சு உதறினான். மறுபடி கயித்தை இழுத்தான், நெருப்பை ஊதற துருத்தி இழுக்கற மாதிரியே இருந்துச்சு. அப்புறம் சுத்தியால அடிச்சான், அடிச்ச இரும்பைத் தூக்கிப் புடிச்சு, விரலை வளைச்சுக் காட்டினான். அருவா. கொல்லுப்பட்டறைக்காரன். பையில இருந்த புது அருவாவைப் பார்த்து நாங்க எல்லாரும் வெட்டறவன்னு நினைச்சோம், செய்யறவன்னு ஒருத்தனும் நினைக்கல. வெக்கமாப் போச்சுங்க. குமரேசன் நோட்டை மூடி என் கையில கொடுத்தான்: "நான் தறிக்காரன் சார். ஒருத்தன் கை அப்படிப் போனா எனக்குத் தறியாத்தான் தெரியுது. சொன்னதை நான் கேக்கவே இல்ல."

பூட்டின பட்டறை

அப்புறம் எல்லாம் ஜல்தி ஜல்தியா நடந்துச்சு. ஊர் எந்தப் பக்கம்னு கேட்டதுக்கு சூரியன் உதிக்கற பக்கத்தைக் காட்டினான். கழுத்துல அட்டை மாட்டிகினு வரிசையா நிக்கற ஆளுங்களைக் காட்டினான், பஸ்ஸைக் காட்டினான். அட்டை மாட்டிகினு பஸ்ஸுக்கு நிக்கறவங்கன்னா செய்யார் கம்பெனி ஆளுங்கதான். என் மச்சான் அங்க ஒரு கம்பெனி பஸ் ஓட்டறான். போன் போட்டு, உன் ரூட்ல பேச்சு வராத பட்டறைக்காரர் யாராவது உண்டான்னு கேட்டேன். விசாரிச்சுச் சொல்றேன்னு சொல்லுவான்னு பார்த்தா, போன்லயே என் மேல பாய்ஞ்சான்: "வெம்பாக்கம் தாண்டி ஒரு பட்டறை ஒண்ணரை மாசமா பூட்டிக் கிடக்குது மாமா. அறுப்பு நேரத்துல ஆளைக் காணோம்னு ஊரே திட்டிகினு கீது. அவரா உங்ககிட்ட கீறாரு?"

அவர் வெச்ச பேரு

பேரு ஏகாம்பரம். அந்தப் பேரைக் காதால கேட்ட நிமிஷத்துலேர்ந்து எனக்கு 'அவன்'னு சொல்ல வாய் வரல. அதுவரைக்கும் எப்படி வந்துச்சுன்னும் தெரியல. ஆரணியில தெரிஞ்சவங்களுக்கு ரெண்டு அருவா கொடுக்க வந்தவரு, கடைசி பஸ்ஸை வுட்டுட்டு, பட்டுக்கடை வாசல் சுத்தமா இருக்கேன்னு படுத்திருக்காரு. அவ்ளோதான் அவரோட குத்தம். மறுநாளே அவர் சம்சாரம் சரோஜா, ஊர்த் தலைவர் கடுதாசியோட வந்துட்டாங்க. வாய்தா அன்னைக்குப் பேரு, ஊரு, ஜாமீன் எல்லாம் கோர்ட்டுல சொல்லி, சாயங்காலமே ரிலீஸ் ஆர்டர் வந்துச்சு. ரிஜிஸ்டர்ல 'பெயர் தெரியாதவர்'ன்றதை அடிச்சு, மேல ஏகாம்பரம்னு எழுதி, நான் சீல் குத்தினேன். எத்தனையோ சீல் குத்தியிருக்கேன், கண்ணு கலங்கி எடம் தெரியாம கோணலாக் குத்தினது அது ஒண்ணுதான்.

உள் கேட்டைத் தாண்டி ஏகாம்பரம் வராண்டாவுக்கு வந்தாரு. கஜேந்திரன் ஸ்டூல்லேர்ந்து எழுந்தான். நடுவுல கம்பி இல்ல, இருபதடி இல்ல. ரெண்டு பேருக்கும் கையை என்ன பண்றதுன்னே தெரியல. அப்புறம் ஏகாம்பரம் சம்சாரத்தைக் கூப்பிட்டு, கஜேந்திரனைக் காட்டி, ரெண்டு கன்னத்தையும் ஊதினாரு. என்னைக் காட்டி, உள்ளங்கையில ஓங்கி ஒரு குத்துக் குத்தினாரு. குமரேசனைக் காட்டி இல்லாத கயித்தை இழுத்து, காலால மிதிச்சும் காட்டினாரு. அந்தம்மா சிரிச்சுகினே, உங்க பேருங்களைத்தான் சொல்றாருங்க, இவரு மூஞ்சி ஊதறவரு, இவரு சீல் குத்தறவரு, இவரு தறிக்காரருன்னாங்க. சூப்பிரண்டு அய்யா ஆசையா முன்னாடி வந்து நின்னாரு. ஏகாம்பரம் மீசையை முறுக்கினாரு, அய்யா நிமிர்ந்தாரு. உடனே ஏகாம்பரம் கண்ணை இறுக்கி மூடி, பக்கத்துல இருந்த ஆள் கையைக் கெட்டியாப் புடிச்சுக்கினாரு. கம்பிக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து ஊசி போட்ட நாளையும் பார்த்திருக்காரு மனுஷன். அய்யாவே சிரிச்சுட்டாரு.

சிரிச்சுகினு இருந்த அந்தம்மாவுக்கு அப்பதான் அழுகை வந்துச்சு. முந்தானையால கண்ணைத் துடைச்சுகினு, ரிஜிஸ்டரைப் பார்த்துகினே சொன்னாங்க: "போன எடமெல்லாம் அவரு பேரைச் சொல்லிச் சொல்லித்தான் தேடினேங்க, அந்தப் பேர்ல யாரும் இல்லன்னுட்டாங்க. இங்க நீங்க அவருக்கு ஒரு பேரும் வெக்கலயே சார். அவரு உங்கள்ல ஒருத்தர் வுடாம பேரு வெச்சுகினு இல்ல உள்ள உக்காந்திருந்திருக்காரு."

பேனா, ஸ்கேல், சீல் எல்லாம் வெச்சுகினு அந்த நோட்டுல யார் யாரையோ விலக்கினேன், ஆனா ஒருத்தனைக் கேட்டுக்கு வெளிய விலக்கி நிறுத்தினதாலதான் உள்ள இருந்த ஒருத்தர் வீடு போய்ச் சேர்ந்தார்னு எழுதறதுக்கு மட்டும் நான் கிழிச்ச கோட்டுல கட்டமே இல்ல.